மறக்கப்பட்ட கைதிகள் (கட்டுரை)

மறக்கப்பட்ட கைதிகள் என்பது பிரித்தானிய வழக்கறிஞர் பீட்டர் பெனென்சன் எழுதி, 1961 மே 28 அன்று இலண்டனின் ஞாயிறு இதழான அப்சர்வரில் வெளியான கட்டுரையாகும். தம் கருத்துகளுக்காகச் சிறையிலடைக்கப்பட்ட அறுவரின் நிலையை இது எடுத்துரைத்தது. அவர்களுள் ஒருவரான மருத்துவர் அகொசுத்தினோ நெட்டோ 1975 இல் அங்கோலாவின் முதல் குடியரசுத் தலைவரானார்.

இத்தகைய செய்திகளைப் படிப்போர் தம்மால் ஏதும் இயலாதெனச் சோர்வதைப் பெனென்சன் உணர்ந்திருந்தார். ஆகவே ஓராண்டு இயக்கமொன்றை அறிவித்து வாசகரின் உதவியைக் கோரினார். முன்வந்தோர் சிறு குழுக்களாயினர். ஒவ்வொரு குழுவும் மேற்கு நாடுகள், பொதுவுடைமை நாடுகள், மூன்றாம் உலகம் ஆகியவற்றிலிருந்து ஒருவராக மூன்று கைதிகளைப் பொறுப்பேற்று, அரசுகளுக்கு மடல்கள் எழுதியது. நடுநிலை பேணவே இவ்வேற்பாடு. மடல் எழுதுதல் எவருக்கும் இயலும் என்பதே இம்முறையின் வலிமை எனலாம். இவ்வியக்கமே பன்னாட்டு மன்னிப்பு அவையாக நிலைபெற்று, 1977 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது.