அச்சம் தெளிவித்த அறிவு

அச்சங்கொண்ட குழவியை அதட்டினால் அச்சம் நீங்குமென்று எண்ணுவார் நம்மிற் பலர். அஃது தவறென்பதை, நியூயார்க் நகரில் ஆராய்ந்த மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் 1924-ல் வெளியிட்ட கட்டுரையால் அறிகின்றோம். பீட்டர் என்னும் பாலகன், மூன்று வயதும் நிரம்பாதவன். முயலைக் கண்டு நடுங்கினான். உரோமச் சட்டைக்கும் பஞ்சுக்குங்கூட அஞ்சினான். அம்மையார் அவனை அதட்டினாரில்லை. அவன் விரும்பிய உணவை உண்கையில், கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவிலேயே சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். அஞ்சாத சிறுவர் முயலுடன் பழகுவதையும் காணச்செய்தார். முடிவில் பீட்டர் தன் கையாலேயே அதனைத் தடவினான்!

தென்னாப்பிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்ப், உடலைத் தளர்த்தி, அஞ்சும் பொருளைப் படிப்படியாக நினைக்கச் செய்யும் முறையை வகுத்து 1958-ல் நூல் வெளியிட்டார். நடத்தைச் சிகிச்சை பயில்வோர் இன்றும் இவற்றைக் கற்கின்றனர். அஞ்சுவோரை எள்ளாது, அவர் தாங்கும் அளவறிந்து நடத்துவதே மருத்துவமன்றோ!