கடலுக்குள் போன ஊருக்கு இரவிரவாக ஒரு சைக்கிள் பயணம்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களிடம் உயர்தரத்தில் வரலாறு படித்த மாணவர் ஒருவர் இப்போது லண்டனில் இருக்கிறார். போன வருசம் ஜூலையில் ஒரு ஞாயிறு காலை வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு கடல், கூழாங்கல் நிறைந்த கரை, அதில் நூற்றுக்கணக்கில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்கள். கீழே ஒரு வரி: "சேர், இரவு முழுக்க நூற்றியெண்பது கிலோமீற்றர் மிதிச்சு வந்தோம். வந்து பார்த்தால் இங்க ஒண்டுமே இல்ல."

அந்த ஒன்றுமே இல்லாத இடத்தின் பெயர் டன்விச். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபொக் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பயணத்துக்கு டன்விச் டைனமோ என்று பெயர். டைனமோ என்றால் என்னவென்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின் ரயரில் உரசிக்கொண்டு கிர்ர்ர் என்று சத்தம் போடும் அந்தச் சின்னப் போத்தல்தான். மிதித்தால் வெளிச்சம், நிறுத்தினால் இருட்டு. லைற் இல்லாமல் போய் பொலிஸில் மாட்டிக்கொண்ட கதைகள் உங்களிடமும் இருக்கும்.

1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பயணம் அது. ஜூலை மாதத்தில் பௌர்ணமிக்குக் கிட்டிய சனிக்கிழமை இரவு, லண்டனின் ஹக்னியில் உள்ள லண்டன் ஃபீல்ட்ஸ் என்ற திடலில் ஆட்கள் கூடுவார்கள். பதிவு இல்லை, கட்டணம் இல்லை, முதலாம் இரண்டாம் இடம் இல்லை. வழியில் சைக்கிள் உடைந்தால் உங்கள் பாடு. ஆனாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். எப்பிங் காட்டைக் கடந்து, ஃபின்சிங்ஃபீல்ட், சட்பரி, ஃபிரம்லிங்கம் என்று சின்னச் சின்ன ஊர்களுக்குள்ளால் பாதை போகிறது. நடுச்சாமத்தில் சில ஊர்க்காரர்கள் வாசலில் மேசை போட்டுத் தேநீர் விற்பார்களாம். ஆரம்ப காலத்தில் திரும்ப வேண்டிய சந்திகளில் ஜாம் போத்தலுக்குள் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்ததாகவும் சொல்கிறார்கள்.

எங்கள் மாணவர் சொன்னவற்றில் ஒன்று வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது. அங்கே ஜூலையில் இரவு மிகக் கட்டை. மஃரிப் ஒன்பது மணிக்குப் பிறகு, சுபஹ் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடும். மஃரிபை எப்பிங் காட்டு ஓரத்தில் தொழுதவர், சுபஹைச் சட்பரிக்குக் கிட்ட ஒரு கோதுமை வயல் வரம்பில் தொழுதிருக்கிறார். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு லைற் வரிசை. சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், முன்பின் தெரியாத இரண்டு வெள்ளைக்காரர்கள் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், யாரும் மோதிவிடக் கூடாதென்று.

சரி, போய்ச் சேருகிற ஊருக்கு வருவோம். பயணத்தை விட அதுதான் பெரிய கதை.

1086இல் வில்லியம் மன்னன் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு காணிக் கணக்கெடுப்பு எடுத்தான். டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதில் டன்விச் மூவாயிரம் பேர் அளவில் வாழ்ந்த பெரிய பட்டினம். அரசனுக்கு வருடத்துக்கு 68,000 ஹெரிங் மீன் கொடுக்க வேண்டிய ஊர். அதே பதிவில் ஒரு சின்னக் குறிப்பும் உண்டு. முந்திய அரசன் காலத்தில் அங்கே இரண்டு பங்கு உழவு நிலம் இருந்தது, இப்போது ஒன்றுதான் இருக்கிறது, மற்றதைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று. ஊர் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அது கரைந்துகொண்டும் இருந்திருக்கிறது. வரி எழுத வந்தவன் அதையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த இருநூறு வருடங்கள் கப்பல், மீன், கம்பளி என்று ஊர் செழித்தது. 1286இல் பெரும் புயல் அடித்தது. அடுத்த வருடமும் விடவில்லை. 1328இல் வந்த புயல் கதையையே மாற்றிவிட்டது. அந்தக் கரையில் கூழாங்கல்லும் மணலும் வடக்கிலிருந்து தெற்காக நகரும். ஆற்று வாயின் குறுக்கே நீளமான கல்மேடு ஒன்று வளர்ந்துகொண்டே வந்தது. புயல் அந்தக் கல்லைத் தள்ளித் துறைமுக வாயை அடைத்துவிட, ஆறு வடக்கே வேறு வழி பிடித்தது. கப்பல்களும் ஆற்றோடு போய்விட்டன. வடக்கே இருந்த வோல்பர்ஸ்விக்காரருக்கும் டன்விச்காரருக்கும் துறைமுக வரி யாருக்கு என்பதில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை, வழக்கு. 1347இல் இன்னொரு புயல் வந்து நானூறு வீடுகள் அளவில் கொண்டுபோனது.

கடல் ஊரைத் தின்றது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் துறைமுகம் அடைபட்ட பிறகுதான் ஊர் தோற்றது. வருமானம் இருந்த காலத்தில் கரையைக் கட்டினார்கள், வீட்டை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். வருமானம் போன பிறகு கட்ட ஆளில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பகிடியும் உண்டு. ஊர் சுருங்கிச் சுருங்கிக் கிராமமான பிறகும் டன்விச்சுக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு ஆசனங்கள் அப்படியே இருந்தன. 1832இல் சீர்திருத்தச் சட்டம் வந்து அதைப் பறிக்கும்போது அங்கே வாக்காளர்கள் 32 பேர். கடலுக்கடியில் இருந்த ஊருக்கு இரண்டு எம்.பி.மார்! எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் நன்றாகச் சிரித்தார்கள். பின்வாங்கில் ஒரு பிள்ளை மட்டும், "இங்க ஆள் இருக்கிற ஊருக்கே எம்.பி. இல்ல சேர்" என்றார். அதைப் பதில் சொல்லாமல் கடந்தோம்.

எட்டு வரையிலான தேவாலயங்கள் இருந்த ஊர் அது. ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன. கடைசியாக ஓல் செயின்ட்ஸ் தேவாலயம். 1904இல் மலைக்கரை விளிம்பு அதைத் தொட்டது, 1919இல் கோபுரமும் போனது. வருடா வருடம் அது குறைந்து வருவதைப் படம் பிடித்துத் தபாலட்டையாக விற்றார்கள். மையவாடியும் சேர்ந்து போனதால் கரையின் மண்சுவரில் எலும்புகள் தெரிந்திருக்கின்றன. இன்று அந்த ஊரில் இருநூறு பேர்கூட இல்லை. சில இரவுகளில் கடலுக்கடியில் மணிச்சத்தம் கேட்கும் என்பது ஊர்க்கதை.

ஆனால் ஒரு மனிதரை இங்கே நினைவுகூர வேண்டும். ரால்ஃப் அகஸ் என்ற நில அளவையாளர். ஊரின் பெரும் பகுதி போன பிறகு, 1587இல் வந்து, மிஞ்சியிருந்ததை வரைபடமாக வரைந்தார். தெருக்கள், தேவாலயங்கள், சந்தை எல்லாம் அதில் உண்டு. ஏறத்தாழ 420 வருடம் கழித்து, 2008 முதல், சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒலியலைக் கருவிகளால் கடலடியைத் தேடினார்கள். கலங்கல் தண்ணீர், கண்ணால் எதுவும் பார்க்க முடியாது. அந்தப் பழைய வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்துத்தான் எந்தக் கற்குவியல் எந்தத் தேவாலயம் என்று அடையாளம் கண்டார்கள்.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும் பங்கு இலங்கைக்கு வந்து கம்பஹாவில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1888இல், பெல்பாஸ்டில் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த ரயரை உருவாக்கினார். அது வந்த பிறகுதான் சாதாரண உழைப்பாளிகள் வார இறுதியில் கூட்டமாகச் சைக்கிளில் ஊர் சுற்றும் காலம் பிறந்தது. அந்த ரயர்களுக்குப் பின்னாளில் நம் நாட்டு இறப்பரும் போனது.

நமது கரையில் சைக்கிள் மற்றப் பக்கமாக ஓடியது. கரியரில் பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு, சுபஹுக்குப் பிறகு கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்கு மீன் கொண்டுபோனவர்கள் நம் வாப்பாமார். மருதமுனையிலிருந்து சாரன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊரூராகப் போனவர்களும் உண்டு. இரவில் மட்டும் ஓடவில்லை. 1990 ஜூலையில் குருக்கள்மடம், ஓகஸ்டில் காத்தான்குடி. அதற்குப் பிறகு 2009 வரை, இருட்டிய பின் பிரதான வீதியில் சைக்கிளில் போவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தாருக்கும் இரவு அப்படித்தான் இருந்தது. அதனால் மாணவரின் கதையைக் கேட்ட பிள்ளைகளின் வாப்பாமார் எங்களிடம் முதலில் கேட்டது, "இரவில பயமில்லையாமா?" என்பதுதான். பிள்ளைகள் கேட்டது வேறு: "ஒண்டுமே இல்லாத இடத்துக்கு ஏன் சேர் போறாங்க?"

அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் பதில் சொல்ல முயன்று சரிவரவில்லை. ஆகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒலுவிலுக்குப் போனோம்.

ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவு என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் 2000 செப்டெம்பரில் மரணித்தார். துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. நமது கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும், டன்விச்சுக்கு நேர் எதிர். நடுவில் கல்லணை போட்டதும் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை, அலை மட்டும் போனது. ஒலுவிலின் வடக்குக் கரையும் நிந்தவூர்ப் பக்கமும் அரிபட ஆரம்பித்தது அப்படித்தான். மறுபுறம் துறைமுக வாயில் மணல் மூடி, படகுகள் உள்ளே வர முடியாமல் போனது. மணலை அள்ளித் திறந்து தாருங்கள் என்று மீனவர்கள் ஒரு பக்கம், முதலில் எங்கள் காணிக்கு வழி சொல்லுங்கள் என்று காணிக்காரர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். இரண்டு தரப்பின் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். வோல்பர்ஸ்விக், டன்விச் வழக்கைப் பற்றிப் படிப்பித்த அன்று வகுப்பு ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

கரையில் ஒரு பிள்ளையின் அப்பா எங்களோடு வந்தார் (இங்கே அப்பா என்பது உம்மாவின் வாப்பா). தண்ணீருக்குள் கையை நீட்டி, "அந்தா, அந்த அலை உடையிற இடம், அதுதான் எங்கட கிணறு. அதுக்கு அங்கால பதினெட்டுத் தென்னை. அதுக்கும் அங்கால தோணி இழுக்கிற இடம்" என்று காட்டினார். பிள்ளைகள் அவர் காட்டிய திசையைப் பார்த்தார்கள். தண்ணீர்தான் இருந்தது. ஒரு பிள்ளை கொப்பியை எடுத்து, அவர் சொல்லச் சொல்லக் கோடு போட ஆரம்பித்தார். கிணறு, தென்னை, வேலி, பாதை. முடித்ததும் அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "கிணறு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று பென்சிலால் திருத்தினார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். அது ஒரு காலைப்பொழுதில் நடந்தது. பெயர்கள் ஓரளவாவது எழுதப்பட்டன. இந்தக் கடலரிப்பு வருடத்துக்குச் சில யார் என்று மெல்ல நடக்கிறது. காணி உறுதியில் கிழக்கெல்லை கடல் என்று எழுதியிருக்கும். அந்தக் கடல் இப்போது காணிக்குள் இருக்கிறது. நடுவில் இருந்தது என்ன என்பது சில முதியவர்களின் தலைக்குள் மட்டும்தான்.

ஆகவே இரண்டு விடயங்கள்.

ஒன்று, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் பழைய காணி உறுதி, நில அளவைப் படம், கல்யாண வீட்டில் பின்னணியாகத் தோட்டம் விழுந்த போட்டோ, எது இருந்தாலும் தொலைபேசியில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். மூலப் பத்திரம் தேவையில்லை, அது உங்களிடமே இருக்கட்டும். பிள்ளைகள் ஒரு வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், கொப்பியோடு நாங்கள் வருகிறோம். குடும்பங்களுக்கிடையில் எல்லைப் பிரச்சினை இருக்கும் இடங்களில் இரு தரப்புச் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்வோம்.

மற்றது, வருகிற போயா இரவு சம்மாந்துறையிலிருந்து ஒரு சைக்கிள் பயணம் போகிறோம். இஷா தொழுதுவிட்டு வெளிக்கிட்டு, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம் வழியாக மெதுவாக ஓடி, இடையிடையே நின்று தேநீர் குடித்து, சுபஹுக்கு ஒலுவில் கரை. தூரம் அதிகமில்லை, இரவு முழுக்கத் தேவையுமில்லை, ஆனாலும் இரவைக் கழித்துத்தான் போவோம். காரைதீவுப் பாடசாலை ஆசிரியர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், காரைதீவுச் சந்தியில் சேர்ந்துகொள்வார்கள். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வாப்பாவோடு மட்டும். முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற் கட்டாயம். டைனமோ வைத்திருப்பவர்கள் எண்ணெய் விட்டுக்கொண்டு வாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாளாகிறது. கிணற்றைத் திருத்திய அப்பாவும் வருவதாகச் சொல்கிறார். அவரை யாருடைய கரியரில் ஏற்றுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.