ஓர் இயக்கப் பெயரும் ஒரு சென்ற் போத்தலும்

பாரிஸ் வாசனைக் கடைகளில் 'மிஸ் டியோர்' போத்தலைக் காணாமல் கடந்து போவது கடினம். கழுத்தில் நாடா முடிச்சுக் கட்டிய கண்ணாடிப் போத்தல், உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். 2005 இல் 'மிஸ் டியோர் ஷெரி' என்று ஸ்ரோபெரியும் மல்லிகையும் கலந்த இனிப்பு மணமாக இது வந்தது. 2011 இல் 'ஷெரி' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு வெறும் 'மிஸ் டியோர்' ஆக்கினார்கள். 1947 முதல் அந்தப் பெயருக்கு உரிய பழைய வாசனை, 'ஒறிஜினால்' என்ற வாலோடு அலமாரியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பெயரை மணத்திலிருந்து பிரித்தெடுத்த இந்த வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன், பெயருக்குரிய பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கத்தரின் டியோர் 1917 இல் நோர்மண்டியின் கிறான்வில் ஊரில் பிறந்தவர். ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்ரியன் டியோர் அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன். தகப்பனுக்கு உர வியாபாரம். டியோர் என்ற பெயர் முதலில் மணந்தது உரத்தோடுதான்! முப்பதுகளின் தொடக்கத்தில் தாய் இறந்தார், வியாபாரம் முறிந்தது, வீடும் தோட்டமும் கைவிட்டுப் போயின. குடும்பம் தெற்கே கல்லியான் என்ற சிற்றூருக்குப் போனது. ஜேர்மன் ஆக்கிரமிப்பு வந்தபோது அண்ணனும் தங்கையும் அங்கே போஞ்சி நட்டு கான் நகரில் விற்றார்கள்.

1941 இன் கடைசியில், டுகோலின் வானொலி உரைகளைக் கேட்பதற்காக ஒரு வானொலிப் பெட்டி வாங்கப் போன கடையில் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தார். அத்தோடு 'எஃப் 2' என்ற உளவு வலையமைப்பில் சேர்ந்தார். இயக்கப் பெயர் 'கறோ'. படை நகர்வுகள் பற்றிய தகவல்களைத் திரட்டி அனுப்புவது வேலை. அதே காலத்தில் அண்ணன் பாரிஸில் லெலோங் தையலகத்தில் ஆடைகள் வரைந்துகொண்டிருந்தார். ஆக்கிரமிப்பாளரோடு ஒட்டி வாழ்ந்தவர்களின் மனைவிமாரும் அங்கே வாடிக்கையாளர்கள். தங்கையைத் தன் வீட்டில் தங்க வைத்தவரும் அதே அண்ணன்தான். ஒரே வீட்டுக்குள் இரண்டும் நடந்தன. இதை விளங்கிக்கொள்ள நமக்கு அதிக நேரம் பிடிக்காது.

1944 யூலை 6 அன்று கத்தரின் பிடிபட்டார். 'றூ து லா பொம்ப்' வீதி வீடொன்றில் வதைத்தார்கள். குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமுக்கினார்கள். அங்கே கெஸ்டபோவுக்காக வேலை செய்த கும்பலில் பிரெஞ்சுக்காரர் பலர். தலையாட்டிகளுக்கு முன்னால் வரிசையில் நின்ற நம்மவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஓகஸ்ட் 15 அன்று, இன்று நம்மவர் பலர் குடியிருக்கும் புறநகர்ப் பக்கத்திலுள்ள பந்தான் நிலையத்தில், மாடுகள் ஏற்றி இறக்கும் மேடையிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளோடு ஒரு ரயில் புறப்பட்டது. கத்தரினும் அதில் இருந்தார். பத்து நாளில் பாரிஸ் விடுபட்டது. அவர் றாவன்ஸ்புறூக் முகாமுக்கும், பின் ஆயுதத் தொழிற்சாலைகளில் கட்டாய வேலைக்கும் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் சாத்திரம் கேட்கப் போனார். தங்கை திரும்பி வருவாள் என்று சாத்திரக்காரி சொன்னாள். (நம்மூர் அம்மாக்கள் கேட்டதும் அதே கேள்விதான். பதில் எல்லோருக்கும் பலிக்கவில்லை.) 1945 மே மாதக் கடைசியில் ரயிலடியில் நின்ற தங்கையை அவரால் அடையாளம் காண முடியவில்லை. வீட்டில் சீஸ் சூஃப்லே செய்து வைத்திருந்தார். முட்டையும் சீஸும் அரிதான நாட்கள் அவை. கத்தரினால் அதைச் சாப்பிட முடியவில்லை. சூஃப்லே வெளியே எடுத்த சில நிமிடங்களில் அமுங்கிப் போகும் பண்டம். தொடாமல் திரும்பி வரும் அதைக் கோப்பை கழுவும் இடத்தில் நின்று நாம் பலமுறை பார்த்திருக்கிறோம்.

1947 பெப்ரவரி 12 அன்று, பாண் இன்னும் பங்கீட்டிலிருந்த பாரிஸில், டியோரின் முதல் ஆடைக் காட்சி நடந்தது. மண்டபம் முழுக்கப் புதிய வாசனையைத் தெளித்திருந்தார்கள். ஒரு நாள் தங்கை உள்ளே வர, 'இதோ மிஸ் டியோர்' என்று அங்கிருந்த பெண் ஒருவர் கூவியதில் பெயர் கிடைத்தது என்பார்கள். போல் வஷேயும் ஜோன் கார்லும் கூட்டிய மணம். மல்லிகையும் றோசாவும் உண்டு. ஆனால் முன்னே வருவது கல்பானம் என்ற பிசினின் கசந்த பச்சை, அடியில் ஓக் மரப் பாசி. மழை விட்ட தோட்டத்தில் தண்டை முறித்தால் எழும் மணம் அது. ஸ்ரோபெரியை விட இதுவே அந்தப் பெண்ணுக்குப் பொருந்தும் என்பது நம் கட்சி.

அவரோ ஆடை உலகத்தோடு ஒட்டவில்லை. விடியுமுன் எழுந்து லெஸ் ஹால் சந்தையில் பூ விற்றார். 1969 இல் றன்ஜிஸுக்கு இடம்பெயர்ந்ததே அந்தச் சந்தை. நாம் நறுக்கும் வெங்காயம் இன்றும் அங்கிருந்துதான் வருகிறது. 1952 இல் 'பொம்ப்' கும்பலின் வழக்கில் சாட்சி சொன்னார். பதக்கங்கள் கிடைத்தன. மற்றப்படி முகாமைப் பற்றி அதிகம் பேசவில்லை. 2008 இல் இறந்தார்.

2021 இல் அவரைப் பற்றி ஜஸ்ரின் பிக்கார்டி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதினார். அதே ஆண்டு டியோர் நிறுவனம் ஒரு தோற்பையைச் சந்தைக்கு விட்டது. அதன் பெயர் 'கறோ'. சொந்தப் பெயரை மறைப்பதற்காகச் சூடிய பெயர், கண்ணாடி அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் விலைக்கு நின்றது. பழைய மணத்தை ஓரந்தள்ளிய பிறகு, கதையை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

கல்லியானில் கடைசிவரை அவர் வளர்த்தவை றோசாவும் மல்லிகையும். அந்தப் பூக்கள் வாசனைத் தொழிலுக்குத்தான் போயின.