தாழ்ந்து செல்லும் சயிக்கிள்

இலக்கியத் தொடர் ஒன்றில் சயிக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். அதே கேள்வி எனக்கும் இருந்தது.

கலிபோர்னியா மாநிலத்தைப் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் தன் சயிக்கிளின் பக்கத்தில் நிற்கிறான். ஆசனம் அவன் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஹாண்டிலோ அவன் தோளளவு உயர்ந்து வளைந்திருக்கிறது. முன்சில்லு ஒரு முழம் முன்னே தள்ளி நிற்கிறது. இரும்பு என்று தெரியாத அளவுக்கு எங்கும் வெள்ளி போன்ற முலாம். பிறேமின் நடுவே குவாதலூப்பே மாதாவின் ஓவியம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இதில் ஏறி ஒரு மைல் தூரமாவது போக முடியுமா? பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு என்னைவிட்டுப் போய்விட்டது.

இந்தச் சயிக்கிளுக்கு 'லோறைடர்' என்று பெயர். தாழ்வாக ஓடுவது என்பது பொருள். இதன் கதை சயிக்கிளில் தொடங்கவில்லை, காரில் தொடங்குகிறது. இன்னும் சரியாகச் சொன்னால் உடையில் தொடங்குகிறது.

1846 இல் மூண்ட போரில் மெக்சிக்கோ தோற்றது. 1848 இல் செய்துகொண்ட குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையின்படி கலிபோர்னியா உட்படப் பெருநிலப்பரப்பு ஐக்கிய அமெரிக்காவின் கைக்குப் போயிற்று. அங்கே வாழ்ந்த மெக்சிக்கர் வீட்டைவிட்டு வெளியேறாமலே வேறொரு நாட்டில் சிறுபான்மையினராயினர். பின்னர் வேலை தேடி எல்லை கடந்து வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். 1940களில் லொஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த அவர்களுடைய இளைஞர்கள் தோளில் அகன்று, முழங்காலில் புடைத்து, கணுக்காலில் இறுகும் ஒருவகை ஆடையை அணிந்தனர். அவர்களைப் 'பச்சூக்கோ' என்று அழைத்தார்கள். 1943 ஜூன் மாதத்தில் கடற்படையினரும் படைவீரரும் தெருத்தெருவாகச் சென்று இந்த இளைஞரைப் பிடித்து அடித்து, உடையை உரிந்து, நடுவீதியில் விட்டனர். பொலிசாரோ பெரும்பாலும் அடிபட்டவர்களையே கைது செய்தனர்.

மெக்சிக்கோவின் பெருங்கவிஞர் ஒக்டேவியோ பாஸ் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் லொஸ் ஏஞ்சலிஸில் சிறிதுகாலம் வாழ்ந்தார். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் தூதுவராக இருந்தவர், 1990 இல் நோபல் பரிசு பெற்றவர் என்று நம் வாசகர்கள் அவரை அறிவார்கள். 1950 இல் வெளிவந்த 'தனிமையின் புதிர்வழி' என்ற அவருடைய நூல் இந்தப் பச்சூக்கோக்களைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறது. அமெரிக்கர் உடையில் வசதியைத் தேடுகிறார்கள், பச்சூக்கோவோ அதே உடையை மிகைப்படுத்திக் கலையாக்கி அதனாலேயே பயனற்றதாக்குகிறான் என்று பாஸ் கண்டுகொண்டார். கூர்மையான பார்வைதான். ஆனால் அதற்குப் பின்னால் அவர் கண்டது பெரும்பாலும் ஒரு மறுப்பையும் வெறுமையையுமே. தாய்நாட்டையும் சேராமல் புகுந்த நாட்டையும் சேராமல் நிற்கும் அநாதைத்தனமாக அது அவருக்குப் பட்டது. இந்த இடத்தில் அந்தப் பெருங்கவிஞரோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சயிக்கிள்தான் எனக்குச் சொல்லித் தந்தது.

யுத்தம் முடிந்தபின் இந்த இளைஞர்கள் பழைய கார்களை வாங்கினார்கள். பெரும்பாலும் செவர்லே. வேறு இளைஞர் பலர் வேகத்துக்காக இயந்திரத்தைத் திருத்தினார்கள். இவர்களோ பின்பெட்டியில் மண்மூட்டைகளை ஏற்றியும் சுருள்வில்லை அறுத்தும் காரைத் தாழ்த்தினார்கள். தாழ்வாக, மெதுவாக என்பதே அவர்களுடைய தாரகமந்திரம். 1958 இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில்லின் றிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கும்படி மாற்றக்கூடாது என்றது அது. மறு ஆண்டே றொன் அகீர் என்ற இளைஞர் விமானத்தின் உதிரிப்பாகங்களைக் கொண்டு, எண்ணெய் அழுத்தத்தால் உயர்ந்து தாழும் காரைச் செய்துவிட்டார். பொலிசைக் கண்டால் உயரும், போனபின் தாழும்!

காருக்குப் பணமும் வேண்டும், வயதும் வேண்டும். தம்பிமாருக்கு இரண்டும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது சயிக்கிள்.

1963 இல் சிக்காகோவின் ஷ்வின் நிறுவனம் 'ஸ்ரிங்-றே' என்ற சயிக்கிளை வெளியிட்டது. 20 அங்குலச் சில்லு, வாழைப்பழம் போல நீண்ட சீற், உயர்ந்த ஹாண்டில். முதலாண்டிலேயே 40,000 இற்கு மேல் விற்பனையாயிற்று. அதை உருவாக்கியவர் அல் பிறிற்ஸ் என்ற பொறியியலாளர். ஆனால் இந்த அமைப்பு அவர் மூளையில் உதித்ததன்று. தென் கலிபோர்னியச் சிறுவர்கள் சின்னச் சயிக்கிள்களுக்கு உயர்ந்த ஹாண்டிலும் நீண்ட சீற்றும் பூட்டி ஓடுகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. அதையே அவர் தொழிற்சாலைப் பொருளாக்கினார். அந்தச் சிறுவர் எல்லோரும் மெக்சிக்கர் என்று சொல்லமுடியாது. ஆனால் வீட்டின் பின்வளவில் பிறந்த ஒன்று தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து விலைக்குத் திரும்பி வந்தது என்பது மட்டும் உண்மை. பின்னர் மெக்சிக்க அமெரிக்கச் சிறுவர்கள் அதையே வாங்கி, அல்லது குப்பையில் கிடந்ததைப் பொறுக்கி, மறுபடியும் தங்களுடையதாக்கினார்கள்.

எப்படி ஆக்கினார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழைய பிறேமின் வர்ணத்தைச் சுரண்டி எடுத்து வெறும் இரும்பாக்க வேண்டும். பிறகு இரு குழாய்களுக்கு இடையிலுள்ள வெளியை மெல்லிய தகட்டால் மூடி ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தின் மேடுபள்ளத்தைப் புட்டி பூசித் தேய்த்து, மறுபடி பூசி மறுபடி தேய்த்து, விரல் வழுக்கும்வரை சமன் செய்வார்கள். ஓவியம் வரையச் சுவர் தயார். அடுத்தது முன்சில்லைப் பிடிக்கும் கவர். அதை முன்னோக்கி வளைத்தால் சயிக்கிளின் முன்புறம் தாழும். ஹாண்டிலுக்கும் சீற்றின் முதுகுக்கம்பிக்கும் சதுர இரும்புக் கம்பியைக் கயிறுபோல் முறுக்கி எடுப்பார்கள். முறுக்கிய கம்பிக்கு முலாம் ஏற்றினால் ஒவ்வொரு முறுக்கிலும் வெளிச்சம் ஓடும். சாதாரண சில்லுக்கு 28 அல்லது 36 கம்பிகள் போதும். இவர்களோ 144 கம்பிகள் வரை கோர்ப்பார்கள். பலத்துக்காக அல்ல, சுழலும்போது மின்னுவதற்காக.

வர்ணம் பூசுவது தனிக்கலை. அடியில் வெள்ளி அல்லது பொன் நிறம். அதில் மினுங்கும் துகள்களையும் தூவுவதுண்டு. அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்போ நீலமோ மெல்லிய படைகளாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. ஒளி அந்தப் படைகளைக் கடந்து அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்புவதால், வர்ணம் மேலே பூசப்பட்டதாக அன்றி உள்ளிருந்து எரிவதாகத் தோன்றும். ஒரு படை தடித்தாலும் அந்த இடம் கறுத்துத் தெரியும். அப்படியானால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறுதியில் மாதாவின் உருவம், அஸ்ரெக் வீரன், அல்லது இறந்துபோன உறவினரின் முகம். சீற்றுக்கு வெல்வெற். பொறுமையற்றவனுக்கு இது ஏற்ற வேலையன்று.

இவ்வளவும் செய்து முடித்தபின் அந்தச் சயிக்கிள் எப்படி ஓடும்? நேர்மையாகச் சொன்னால் மோசமாக ஓடும். கவர் முன்னே நீண்டதால் ஹாண்டிலைத் திருப்பும்போது சில்லு ஒரு பக்கம் சரிந்து விழப் பார்க்கும். பெடல் தாழ்ந்திருப்பதால் வளைவில் நிலத்தில் தட்டும். வேகமாக ஓட முடியாது. ஆனால் வேகம் அதன் நோக்கமே அல்ல. நம் கோயில் தேரைப் பார்த்து இது ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று யாரும் கேட்பதில்லையே. ஆடி அசைந்து வருவதுதான் தேருக்கு அழகு. தேர் வரும் வீதியில் நிற்பவர் எல்லோரும் அதைக் காண வேண்டும். இந்தச் சிறுவர்களும் தங்களைக் காணாமலே கடந்துபோகும் ஒரு நகரத்தை நிறுத்தித் தங்களைக் காணச் செய்தார்கள்.

இதைத்தான் பாஸ் தவறவிட்டார் என்பது என் எண்ணம். பயனற்றதாக்குதல் என்பது வரை அவர் சரியாகவே பார்த்தார். வீதியில் உடையைக் கண்டார், ஆனால் பின்வளவில் நடக்கும் வேலையைக் காணவில்லை. வெறுமையில் இருப்பவன் ஒரு பிறேமைப் பத்துத்தரம் தேய்ப்பானா? 1989 இல் தோமாஸ் இபாறா ஃபிறவுஸ்தோ என்ற ஆய்வாளர் இந்த மனப்பாங்குக்கு ஒரு கட்டுரை எழுதினார். 'றாஸ்குவாச்சே' என்பது கீழ்த்தரமானது, ஒட்டுப்போட்டது என்று இழிவாகச் சொல்லும் ஸ்பானியச் சொல். அவர் அதையே எடுத்து, இல்லாமையிலிருந்து கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அழகு செய்யும் ஏழைகளின் அழகியல் என்று நிலைநாட்டினார்.

காலம் மாறாமல் இருக்குமா? 1992 இல் ஷ்வின் நிறுவனம் முறிந்தது. 1993 இல் இந்தச் சயிக்கிள்களுக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கியது. பின்னர் முறுக்கிய ஹாண்டிலும் 144 கம்பிச் சில்லும் ஆசியத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டுக் கடைகளில் தொங்கின. பணமுள்ளவன் ஒரு நாளில் பூட்டிவிடலாம். ஆனாலும் போட்டிகளில் பிறேமில் கையால் செய்த மாற்றங்களுக்கே மதிப்பு. கடையில் வாங்கியதைப் பார்த்தவுடனேயே கண்டுபிடிக்கும் கண்கள் அங்கே இருக்கின்றன.

சட்டத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். தாழ்ந்த கார்கள் வீதியில் மெதுவாக உலா வருவதைப் பல நகரங்கள் தடைசெய்தன. சான் டியாகோவுக்கு அருகிலுள்ள நாஷனல் சிற்றி 1992 இல் விதித்த தடை 2023 வரை நீடித்தது. அந்த ஆண்டில் கலிபோர்னியச் சட்டசபை, நகரங்களுக்கு இருந்த அந்த அதிகாரத்தையும் 1958 ஆம் ஆண்டு விதியையும் நீக்கியது. 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. தாழ்வாக ஓட்டுவது குற்றமாக இருந்த காலம் 66 ஆண்டுகள். இவ்வளவு காலமும் அந்த விதி காருக்கே இருந்தது, சயிக்கிளுக்கு இல்லை. தகப்பன் செய்தால் தண்டனை கிடைக்கும் ஒன்றை மகன் பகல் வெளிச்சத்தில், பொலிசுக்கு முன்னாலேயே செய்துகொண்டு போனான்.

அந்தப் படத்தை நான் இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. சிறுவன் சிரிக்கவில்லை. ஹாண்டிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கிறான். இதில் ஒரு மைல் போக முடியுமா என்று அன்று கேட்டேன் அல்லவா? போக முடியும். மெதுவாகத்தான் போகும். பார்ப்பவர்தாம் அவசரப்படாமல் நிற்க வேண்டும்.