விதையா? உரமா?

மக்காச்சோள விளைச்சலைக் கூட்டுவது விதையா, உரமா? அமெரிக்க வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

1866 முதல் 1930-களின் நடுப்பகுதி வரை அங்கு ஏக்கருக்குச் சராசரியாகச் சுமார் 26 புஷல்தான் விளைந்தது. ஒரு புஷல் என்பது சுமார் 25 கிலோ. 1926-ல் ஹென்றி வாலஸ் வீரிய ஒட்டு விதை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-ல் அயோவா மாநிலத்தில் அபூர்வமாக இருந்த அந்த விதை, பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா வயல்களுக்கும் பரவியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், வெடிமருந்துக்காக அம்மோனியா தயாரித்த ஆலைகள் தழைச்சத்து உரத்துக்கு மாறின. உரம் அதிகமானால் பழைய ரகங்கள் சாய்ந்துவிடும். தண்டு உறுதியான வீரிய ரகங்கள் தாங்கி நின்றன. 1960-ல் விளைச்சல் சுமார் 55 புஷல்! ஆக, விதையும் உரமும் சேர்ந்தே சாதித்தன.

வரவோடு செலவும் கூடியது. வீரிய ஒட்டு ரகத்தில் விளைந்த மணியை மறுபடி விதைத்தால் மகசூல் குறையும். சொந்தமாக விதை எடுத்து வைத்த விவசாயி, ஆண்டுதோறும் விதை வாங்கும் வாடிக்கையாளர் ஆனார்.