செயின்ட் லாம்பர்ட் மழலையர் வகுப்பும் இரண்டாம் மொழிக் கல்வியும்

ஒரு மொழியைப் பாடமாகக் கற்பது வேறு. அம்மொழியின் வழியே பாடங்களைக் கற்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தொடக்கப்பள்ளி நிலையில் ஆய்ந்து காட்டிய பெருமை, கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில், மாண்ட்ரியலை ஒட்டிச் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்த செயின்ட் லாம்பர்ட் என்னும் புறநகருக்கு உரியது.

கியூபெக்கில் பெரும்பான்மையோரின் தாய்மொழி பிரெஞ்சு. எனினும் பெருவணிகத்திலும் தொழில்துறையிலும் நெடுங்காலம் ஆங்கிலமே கோலோச்சியது. பிரெஞ்சு அறியாமலே வாழ்ந்துவிட ஆங்கிலேய மரபினர்க்கு இயன்றது. 1960இல் தொடங்கிய 'அமைதிப் புரட்சி' இந்நிலையை அசைத்தது. பிரெஞ்சு மக்கள் தம் மொழிக்கு உரிய இடத்தைக் கோரலாயினர். ஆங்கிலப் பள்ளிகளிலும் பிரெஞ்சு கற்பிக்கப்பட்டே வந்தது. ஆனால் அது நாள்தோறும் சிறிது நேரம் இலக்கணமும் சொற்பட்டியலும் ஒப்புவிக்கும் பாடமாகவே இருந்தது. பல்லாண்டு பயின்றவரும் அண்டை வீட்டாரோடு உரையாட இயலாது தடுமாறினர்.

இக்குறையைத் தம் வாழ்விலேயே உணர்ந்த ஆங்கிலப் பெற்றோர் சிலர் 1963இல் ஒன்றுகூடினர். ஓல்கா மெலிக்காஃப், மூரியல் பார்க்ஸ், வாலரி நீல் ஆகிய பெண்மணியர் இம்முயற்சியில் முன்னின்றனர். பள்ளி வாரியம் தயங்கியபோது, பள்ளி நேரத்திற்குப் பின் பிரெஞ்சு வகுப்புகளைத் தாமே நடத்தினர். மெக்கில் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் வைல்டர் பென்ஃபீல்டும் உளவியல் அறிஞர் வாலஸ் லாம்பர்ட்டும் அவர்களுக்குத் துணை நின்றனர். இருமொழிப் பயிற்சி குழந்தையின் அறிவைக் குழப்பும் என்னும் கருத்து அந்நாளில் பரவலாக நிலவியது. எலிசபெத் பீலும் லாம்பர்ட்டும் மாண்ட்ரியலின் பத்து வயதுச் சிறுவரிடையே நிகழ்த்தி 1962இல் வெளியிட்ட ஆய்வு, அக்கருத்துக்கு மாறான முடிவைத் தந்தது. இறுதியில் வாரியம் இசைந்தது. 1965 செப்டம்பரில் 26 குழந்தைகளுடன் மழலையர் வகுப்பு தொடங்கிற்று.

ஆசிரியர் பிரெஞ்சிலேயே பேசினார். குழந்தைகளோ தொடக்கத்தில் தமக்குள் ஆங்கிலம் பேசத் தடையில்லை. பாடல், விளையாட்டு, கதை ஆகியவற்றின் ஊடே மொழி செவிவழிப் புகுந்தது. முதல் வகுப்பில் எழுத்தறிவும் கணக்கும் பிரெஞ்சிலேயே பயிற்றப்பட்டன. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் சேர்ந்தது. மேல்வகுப்புகளில் அதன் பங்கு படிப்படியாக உயர்ந்தது.

லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இம்மாணவரை ஆண்டுதோறும் ஆய்ந்து, 1972இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஆங்கில வாசிப்பில் முதலில் காணப்பட்ட பின்னடைவு, ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் மறைந்தது. பிரெஞ்சில் கற்ற கணக்கை ஆங்கிலத் தேர்விலும் செவ்வனே செய்தனர். பிரெஞ்சைக் கேட்டுணரும் திறன் பெரிதும் வளர்ந்தது. ஆயினும் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீடித்தன. கேட்டல் மட்டும் போதாது, மாணவர் மொழியைத் தாமே ஆக்கிப் பழகவும் வேண்டும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் வலியுறுத்தியதற்கு இத்தகைய வகுப்புகளின் பட்டறிவே அடிப்படையாயிற்று. இன்று இம்முறை கனடா முழுதும் பரவி, நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர் இதன்வழிப் பயில்கின்றனர்.

எனினும் இவ்வெற்றியின் அடித்தளத்தை மறத்தல் கூடாது. அக்குழந்தைகளின் தாய்மொழியாகிய ஆங்கிலம் வீட்டிலும் வீதியிலும் செல்வாக்கோடு விளங்கியது. பள்ளியும் அதனைப் புறக்கணிக்கவில்லை. ஆகவே பிரெஞ்சு, இருந்ததோடு மற்றொன்றாய்ச் சேர்ந்தது. வலிமை குன்றிய மொழியினரின் குழந்தைகள் வல்லாண்மை மொழியில் அமிழ்த்தப்படும்போது நிகழ்வது வேறு. அங்கே புதியது வரப் பழையது தேய்கிறது. முன்னதைக் கூட்டல் இருமொழியம் என்றும் பின்னதைக் கழித்தல் இருமொழியம் என்றும் லாம்பர்ட்டே பிரித்துரைத்தார். செயின்ட் லாம்பர்ட்டைச் சான்று காட்டித் தாய்மொழியை வகுப்பறையினின்று விலக்க முனைவோர், அவ்வூர்ப் பள்ளி இரண்டாம் வகுப்பிலேயே தாய்மொழிக்குக் கதவு திறந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.