கண்ணீர்த்துளி வண்டியும் கடலோர ரோடும்

போன வருஷம் ஆன்சைட்ல இருந்தப்போ ஒரு லாங் வீக்கெண்ட்ல தங்கமணியோட கலிஃபோர்னியா கடலோர ரோட்டுல போய்க்கிட்டிருந்தேன். மான்டரேக்குத் தெற்கே பிக்ஸ்பி பாலம்னு ஒண்ணு. அங்க வண்டியை ஓரங்கட்டினா, எங்களுக்கு முன்னாடியே ஒரு வயசான ஜோடி நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க காருக்குப் பின்னாடி, நம்ம இடுப்புக்குக் கொஞ்சம் மேல வர்ற உயரத்துல ஒரு மர டிரெய்லர். கார் டிக்கி மாதிரி அதோட பின்கதவைத் தூக்கினா உள்ள ஒரு அடுப்பு, நாலு பாத்திரம். காபி கொதிச்சுக்கிட்டிருந்தது.

"ஏங்க, இதுக்குள்ள மனுஷங்க படுப்பாங்களா? கோழிக்கூடு மாதிரில்ல இருக்கு!"ன்னு தங்கமணி காதுல கிசுகிசுத்தாங்க.

தாத்தாகிட்டயே கேட்டுட்டேன். பழைய பத்திரிகைல வந்த பிளானைப் பார்த்து அவரே செஞ்சாராம். பொட்டி தட்டுறவனுக்கு இது போதாதா? ராத்திரி பூரா தேடிப் படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

இந்த வண்டிக்குப் பேரு டியர்டிராப் டிரெய்லர். முன்னாடி உருண்டு, பின்னாடி சரிஞ்சு, படத்துல போடுற கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். அகலம் 4, 5 அடி. நீளம் 8, 10 அடி. எடை பெரும்பாலும் 450 கிலோவுக்குள்ள. உள்ள படுக்கத்தான் முடியும், நிக்க முடியாது. சமையல் வெளிய நின்னுதான். வீடு இல்லீங்க, சக்கரம் வச்ச கட்டில்!

ஏன் இவ்ளோ சின்னது? முதல் காரணம் கார். 1928ல இருந்து 1931 வரைக்கும் வந்த ஃபோர்ட் மாடல் ஏ-வோட இன்ஜின் வெறும் 40 குதிரைத்திறன். மலையேத்தத்துல அதை வச்சு பெரிய வண்டியை இழுக்கிறது கஷ்டம். ரெண்டாவது காசு. 1933ல அமெரிக்காவுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு வேலை இல்லை. மூணாவது பிளைவுட். ஒரு ஷீட் 4 அடிக்கு 8 அடி. அந்தக் கணக்குக்குள்ள வெட்டினா மரம் வீணாகாது.

ஆனா பழைய பிளைவுட் மழைல நனைஞ்சா அடுக்கடுக்கா பிரிஞ்சுடும். வாஷிங்டன் மாநிலத்துல ஹார்பர் பிளைவுட் கம்பெனில வேலை பார்த்த ஜேம்ஸ் நெவின், 1934ல தண்ணிக்கு அசையாத பசையைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம்தான் பிளைவுட்டை தைரியமா வெளியில நிறுத்த முடிஞ்சது. 1930களோட கடைசில பாசடினாக்காரர் லூயி ராஜர்ஸ் செஞ்ச வண்டிக்கு வச்ச பேரு 'ஹனிமூன் ஹவுஸ்'. இந்த மாதிரி வண்டிகளோட பிளான்களை பத்திரிகைகள் அளவோட அச்சடிச்சுக் குடுத்துச்சு. வீட்டுக்கு வீடு ஜனங்க அறுத்து, ஒட்டி, தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. நம்ம பாஷைல ஓப்பன் சோர்ஸ் :-)

வண்டி ரெடி. ரோடு?

கார்மெலுக்கும் சான் சிமியானுக்கும் நடுவுல மலை நேரா கடல்ல இறங்குது. 1894ல பாயின்ட் சர் பக்கத்துல ஒரு கப்பல் மோதினப்போ, டாக்டர் ஜான் ராபர்ட்ஸ் அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பார்க்க அந்தப் பாதைலதான் போனார். இங்க ஒரு ரோடு வேணும்னு அப்புறம் பல வருஷம் போராடினவர் அவர்தான். ரோடு போட சுமார் 18 வருஷம் ஆச்சு. பிக்ஸ்பி பாலம் 1932ல முடிஞ்சது, நீளம் 714 அடி. முழு ரோடும் 1937ல திறந்தாங்க. மலையைக் குடைஞ்சவங்கள்ல சான் குவென்டின் ஜெயில் கைதிகளும் உண்டு. நாள் கூலி 35 சென்ட், கூடவே கொஞ்சம் தண்டனைக் குறைப்பு.

1942ல டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்து எல்லாம் படுத்துடுச்சு. 1945ல போர் முடிஞ்சதும் மிச்சமான ஜீப் சக்கரமும் விமான அலுமினியமும் இந்த வண்டிகளுக்கு வந்து சேர்ந்துச்சு. 1960கள்ல கார்கள் பெருத்து, டிரெய்லர்களும் பெருத்து, குட்டி வண்டி மறைஞ்சு போச்சு. 1990கள்ல இன்டர்நெட் வந்து பழைய பிளான்களை மறுபடி தூசி தட்டுச்சு.

இதையெல்லாம் நான் சுவாரஸ்யமா சொல்லிக்கிட்டிருந்தப்போ தங்கமணி கேட்டாங்க, "ஏங்க, அப்போ நாம ரெண்டு பேரும் இந்த ரோட்டுல வந்திருக்க முடியுமா?"

தேடினேன். முடிஞ்சிருக்காது போல. 1917ல வந்த சட்டம் இந்தியர்கள் குடியேறுறதையே தடுத்துடுச்சு. 1923ல இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடியே கலிஃபோர்னியாவுக்கு வயல் வேலைக்கு வந்த பஞ்சாபிகள் பலரால ஊர்ல இருந்த பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர முடியல. 1946லதான் கதவு திறந்துச்சு, அதுவும் வருஷத்துக்கு 100 பேருக்கு. அந்த நாட்டுலயே பிறந்த கறுப்பின ஜோடிகளுக்கும் பயணம் சுலபமா இல்லை. எந்த ஊர்ல தங்க விடுவாங்கன்னு பார்க்க, விக்டர் ஹ்யூகோ கிரீன்ங்கிற தபால்காரர் 1936ல ஆரம்பிச்ச 'கிரீன் புக்'கைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கிளம்பினாங்க.

பசை, பிளைவுட், பிளான் எல்லாம் யாருக்கும் கிடைச்சிருக்கும். ராத்திரி ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு நிம்மதியா தூங்குற தைரியம்தான் எல்லாருக்கும் கிடைக்கல. 'ஹனிமூன் ஹவுஸ்'னு படிச்சப்போ சிரிச்ச எனக்கு, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் சிரிப்பு வரல.

பாலத்துக்கிட்ட அந்தப் பாட்டி எங்களுக்கும் ரெண்டு கப் காபி ஊத்திக் குடுத்தாங்க. தங்கமணி குனிஞ்சு உள்ள எட்டிப் பார்த்துட்டு வந்தாங்க.

"கோழிக்கூடு இல்லீங்க. மெத்தை நல்லா இருக்கு. நாமளும் ஒண்ணு செய்யலாமா?"

சுவத்துல ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாதவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ஆனா பிளானை டவுன்லோடு பண்ணி வச்சுட்டேன்.